உடன் வருபவர்: கணவர், குழந்தை

கப்பலின் மேல்தளத்தில் கூஜா உருண்டது.

தனுஷ்கோடிக் கரை எங்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோடாகச் சுருங்கிக்கொண்டிருந்த நேரம். நான் மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, மடியிலிருந்த சம்பத்தின் காதுகளைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அப்போது பதினோரு மாதம். கடற்காற்று காதில் புகுந்தால் குழந்தைக்கு ஜுரம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்பது மறந்துவிட்டது. பயம் மட்டும் மறக்கவில்லை.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. காலடியில் இருந்த பித்தளைக் கூஜா விழுந்து, உருண்டு, திருகுமூடி கழன்றது. உள்ளே இருந்த காவேரித் தண்ணீர் பலகைகளின் மேல் ஓடி, கம்பிக்கு அடியில் புகுந்து, கடலில் போய் விழுந்தது.

என்னோடு படித்துக்கொண்டிருந்த அருள்மேரி வெறுங்காலோடு ஓடிக் கூஜாவைப் பிடித்தாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு சொட்டு.

"போச்சுக்கா. பிள்ளை உதட்டை நக்குறான் பாருங்க, தாகமா இருக்கு. கப்பல்ல குழாய் இருக்கு, பிடிச்சிட்டு வரட்டா?"

எந்தக் குழாய், யார் நிரப்பிய தொட்டி, எத்தனை நாள் தண்ணீர், குழந்தைக்கு வயிற்றில் ஏதாவது வந்தால் நடுக்கடலில் யாரைக் கேட்பது, மாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நான் ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதற்குள், அருள்மேரி தம்ளரோடு திரும்பி வந்துவிட்டாள். சம்பத் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்து இழுத்துக் குடித்தான். மிச்சத்தை நான் குடித்தேன்.

தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. கொஞ்சம் இரும்பு வாசனை.

இதை இத்தனை நாளும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், சில வாரங்களுக்கு முன்பு பத்திரிகையின் இந்தப் பக்கத்தில், நான் சிலோன் போய்வந்ததை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மாள் நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். "ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நீர், கடல் கடந்து போய்வந்தபின் என்ன பிராயச்சித்தம் செய்துகொண்டீர்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிடுகிறேன்.

பெருமாள் பார்க்கும் திசை

நான் அப்போது திருச்சியில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு படித்தவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்தி மட்டும். படிக்கலாமா என்று முதலில் யோசித்தவளும் நான்தான், வேண்டாம் என்று பலமுறை பின்வாங்கியவளும் நான்தான். ஒவ்வொரு நாளும் காலையில் மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே பஸ் ஏறும்போது, குழந்தை அழுதிருப்பானோ, திரும்பிப் போய்விடலாமோ என்று தோன்றும். காவேரிப் பாலம் தாண்டும்வரை தோன்றிக்கொண்டே இருக்கும். பாலம் தாண்டியபின் பாடம் ஞாபகத்துக்கு வரும்.

நான் படிக்க முடிந்ததற்கு என் மாமியார்தான் காரணம். இதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். மாமனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. மாமியார் விடியற்காலையில் நீராடி, மடியாக, யாரையும் தொடாமல், தளிகை என்கிற சமையலைப் பண்ணி, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, அதன்பின் சாயங்காலம்வரை சம்பத்தை வைத்துக்கொள்வாள். எனக்காக அல்ல, குழந்தைக்காக என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள். ஆனால் வைத்துக்கொள்வாள்.

பொங்கலை ஒட்டிய விடுமுறையில் மாணவிகளைச் சிலோனுக்கு அழைத்துப்போவதாகப் பள்ளியில் ஏற்பாடு நடந்தது. கொழும்பு, கண்டி, அங்குள்ள இரண்டு பள்ளிக்கூடங்கள். வீட்டில் சொன்னபோது மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சேதுவரைக்கும் போ. ஸ்நானம் பண்ணு. திரும்பி வா. கப்பல் ஏறாதே."

"இலங்கைதானேம்மா. பெருமாளே அந்தத் திசையைப் பார்த்துண்டுதானே சயனிச்சிண்டிருக்கார்?"

"பார்த்துண்டுதானேடி இருக்கார்? எழுந்து போனாரோ?"

"ராமாவதாரத்துல போனாரே."

"பாலம் கட்டிண்டு போனார். உன்னாட்டம் டிக்கெட் வாங்கிண்டு கப்பல்லயா போனார்?"

கூடத்தில் இருந்த என் கணவர் சிரித்துவிட்டார். மாமியாரும் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். ஆனால் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவள் சொன்னது இதுதான்: "எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் படிச்சவா. பட்டுண்டு வாங்கோ."

பட்டியல்

பள்ளியின் வராந்தாவில் ஒரு பட்டியல் தொங்கியது. போக விரும்புகிறவர்கள் தாமே பெயரெழுத வேண்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம்: உடன் வருபவர். கல்யாணமானவர்கள் கணவனோடுதான் வரலாம் என்று எங்கள் தலைமை மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் அந்தப் பட்டியலைத் தாண்டித் தாண்டிப் போனேன். மூன்று நாளும் அது வெறுமையாகவே இருந்தது. எல்லாருக்கும் ஆசை, எல்லாருக்கும் வீட்டில் யாரையாவது கேட்க வேண்டும். நான்காம் நாள் என்ன வந்ததோ, பேனாவை எடுத்து முதல் வரியில் என் பெயரை எழுதினேன். கோமளவல்லி. பக்கத்துக் கட்டத்தில், "கணவர், குழந்தை" என்று எழுதினேன். கணவரைக் கேட்கவில்லை. குழந்தையையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன். அவர் ரயில் ஆபீஸில் குமாஸ்தா. தன் ஆபீஸிலேயே யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர்.

"நான் உடன் வருபவரா?" என்றார்.

"ஆமாம்."

"சம்பத் எனக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸில் லீவு கேட்கப் போனார்.

கிளம்பிய அன்று விடியலில் கூடத்தில் அந்தக் கூஜா தயாராக இருந்தது. மாமியார் ஆற்றுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து வைத்திருந்தாள். என்னோடு பேசாமல் இரண்டு நாள் ஆகியிருந்தது. கூஜாவைப் பார்த்துத்தான் பேசினாள்: "குழந்தைக்கு வேற ஜலம் கொடுக்காதே."

பெரதெனியாவில் ஐந்து அடி

கொழும்பு ட்ராமைப் பற்றியும், கடலோரத்தில் காற்று எங்கள் பதினொரு பேர் புடவையையும் பாய்மரம் போலத் தூக்கியதைப் பற்றியும் எழுதப் புகுந்தால் இந்த வாரம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான்காம் வகுப்பில் ஓர் ஆசிரியை கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அறையின் மூலையில் தூளி. தூளியில் அவள் குழந்தை. கணக்கை எழுதிவிட்டு, குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, போய்த் தூளியை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு வந்து விடையைக் கேட்டாள். எங்களைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. நான்தான் அவளுக்குப் பதிலாக வெட்கப்பட்டேன். பிறகு எதற்கு வெட்கப்பட்டேன் என்று கண்டிவரை யோசித்துக்கொண்டு போனேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பெரதெனியா என்று ஒரு பெரிய தோட்டம். அங்கே மூங்கில் ஒவ்வொன்றும் தூண் பருமன். புல் தரையில் சம்பத்தை விட்டுவிட்டு, நாங்கள் தயிர்சாத மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அருள்மேரி கத்தினாள். "அக்கா, பிள்ளை நடக்கறான்!"

நடந்தான். மூங்கில் புதரை நோக்கி, யாரையும் பார்க்காமல், கையைத் தூக்கிக்கொண்டு ஐந்து அடி. பிறகு உட்கார்ந்துவிட்டான். என் கணவர் தொப்பியைக் கழற்றி அவனுக்கு ஒரு சலாம் வைத்தார்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே மாமியார் முகமும் வந்தது. இந்த ஐந்து அடிக்காக அவள் ஒரு மாதமாகக் கூடத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொல்லைக் கதவு

நாங்கள் திரும்பி வந்தபோது வாசல் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "கொல்லைப் பக்கமா வரச் சொன்னா" என்றாள்.

கிணற்றடியில் குளித்தோம். கொண்டுபோன துணியெல்லாம் நனைத்தோம். அதுவரை நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் சமையல்கட்டான தளிகை உள்ளின் கதவில் குறுக்கே ஒரு கட்டை வைத்திருந்தது. கொல்லையில் ஒரு குமுட்டி அடுப்பு, கொஞ்சம் கரி, அரிசி, ஒரு வெண்கலப் பானை.

சம்பத் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்ற பாட்டியைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினான். நின்றான். நடந்தான். கிணற்றடியிலிருந்து கதவுவரை, இப்போது பத்து அடிக்கு மேல்.

மாமியார் இரண்டு கையையும் நீட்டினாள். பிறகு மடி ஞாபகம் வந்து பின்வாங்கிக்கொண்டாள்.

"எப்போ நடந்தான்?"

"போன வாரம்."

"எங்கே?"

"அங்கே."

அவள் உள்ளே போய்விட்டாள். குழந்தை கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினான். கடல் தாண்டியவர்கள் பிராயச்சித்தம் செய்துகொள்ளும்வரை தளிகை உள்ளுக்குள் வரக்கூடாது, மடியாக இருப்பவர்கள் அவர்களைத் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். தெரிந்துதான் போனேன். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையைத் தூக்குவது வேறு.

ஒரு வாக்கியம்

மறுநாள் உத்தர வீதிப் பெரியப்பாவிடமிருந்து தீர்ப்பு வந்தது. பெரியப்பா என்றால் என் மாமனாரின் தமையனார். கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் சேவிப்பவர், சாஸ்திரம் தெரிந்தவர். எங்கள் குடும்பத்தில் நாலு வீட்டுக்கும் அவர் சொன்னதுதான் முடிவு. கெட்டவர் அல்ல. தீர்ப்பும் கடுமையானது அல்ல. அதுதான் சிக்கல்.

மாமியார் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று அதை எனக்குச் சொன்னாள். வரதன் என்றது என் கணவரை.

"வரதன் பூணூல் மாத்திண்டு, பஞ்சகவ்யம் சாப்பிட்டு, பிராயச்சித்தம் பண்ணிக்கணும். அவன்தானே முடிவு பண்ணினவன். குழந்தைக்கு தோஷம் கிடையாது. நாம தூக்கிண்டு போனா அது என்ன பண்ணும்? உனக்கும் தோஷம் கிடையாது. ஆம்படையான் அழைச்சான், போனே. ஞாயித்துக்கிழமை பெரியப்பா வருவார். அவர் முன்னாடி, 'அவர் அழைச்சார், போனேன்'னு உன் வாயால சொல்லிடு. தெருவில நீதான் படிக்கிறவ, நீதான் கிளம்பினேன்னு பேச்சா இருக்கு. அதை அடைக்கணும். அவ்வளவுதான்."

"நான்தானேம்மா கிளம்பினேன்."

"யார் இல்லேன்னா? சொல்லிட்டுப் போயேன். நான் காசிக்குப் போனேன், திருப்பதிக்குப் போனேன், எல்லாம் உன் மாமனார் அழைச்சார், போனேன். எனக்கு வாய் தேஞ்சா போச்சு?"

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீ வெளியிலதான். உன்னை ஒட்டிண்டே இருக்கிற குழந்தையை நான் எப்படித் தொடறது? நீ எப்படிப் பள்ளிக்கூடம் போவே? பரீட்சை வேற வரதுங்கிறே."

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. இரண்டு வருஷப் படிப்பு. அதற்குள் வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மூன்று சொற்கள் கொண்ட ஒரு வாக்கியம். சொன்னால் கதவு திறக்கும், குழந்தை பாட்டியின் மடிக்குப் போவான், நான் பஸ் ஏறுவேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று முழுவதும் நினைத்தேன். கரி ஊதிக்கொண்டே இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன். வாக்கியத்தில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தக் கூஜாவும் சம்பத்தும் நானும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. மூன்றும் எடுத்துச் செல்லப்பட்ட சாமான்.

வகுப்பில் புதிய மாணவன்

திங்கட்கிழமை சம்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொழும்பு ஆசிரியையின் தூளி எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. ஆனால் எங்கள் வகுப்பில் தூளி கட்ட இடமில்லை. சம்பத் முதல் மணியில் சாக்பீஸ் தின்றான். இரண்டாம் மணியில், குழந்தைகளின் கவனம் பற்றிய பாடம் நடக்கும்போது, பெஞ்சுக்கு அடியில் புகுந்து எல்லார் காலையும் தொட்டு எண்ணினான்.

"பாடத்துக்கு ஏத்த சாட்சி வந்திருக்கு மிஸ்" என்றாள் அருள்மேரி.

மிஸ் சிரிக்கவில்லை. மணியடித்ததும் என்னைக் கூப்பிட்டார். "இந்த வாரம் மட்டும். அடுத்த திங்கட்கிழமை குழந்தையோடு வந்தால் வகுப்பில் உட்கார அனுமதிக்க மாட்டேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, கோமளா. மற்ற பத்துப் பேரும் பரீட்சை எழுத வேண்டும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த வாரம் என்னிடம் பேசிய எல்லாருமே நியாயமாகத்தான் பேசினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் கொல்லையில் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தைதானே, கோமளம். நான் அழைச்சிண்டு போனேன்னு நானே சொல்லிடறேன். நீ கதவுக்குப் பின்னாடி சும்மா இரு. அது போறும்."

"நீங்க அப்படிச் சொன்னா, நான் இல்லேன்னு சொல்லுவேன்."

"பெரியப்பா முன்னாடி என்னைப் பொய்யன்னு சொல்லுவியா?"

நான் கரியை ஊதினேன். அவர் எழுந்து போய்விட்டார். அவர் நாளை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன சொல்வேன் என்றும் நிச்சயமாகத் தெரியாது. அன்று அடுப்பில் வைத்த சாத்தமுது பொங்கி வழிந்து கரி அணைந்தது. சாத்தமுது என்றால் எங்கள் வீடுகளில் ரசம்.

கதவுக்குப் பின்னாலிருந்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா வந்து கூடத்தில் மணையில் உட்கார்ந்தார். மாமியார் தளிகை உள் வாசலில். என் கணவர் பெரியப்பாவுக்கு எதிரில், கைகட்டிக்கொண்டு. நான் கொல்லைப்பக்கக் கதவுக்குப் பின்னால், சம்பத்தைப் பிடித்துக்கொண்டு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் பெரியப்பா என் குரலைக் கேட்டதில்லை. எங்கள் வீட்டு மருமகள்களான நாட்டுப்பெண்கள் அவர் முன்னால் பேசுவதில்லை. மாமியார் மூலமாகத்தான் சேதி போகும். அன்று மட்டும் ஒரு வாக்கியத்துக்கு அனுமதி.

பெரியப்பா கனிவாகவே ஆரம்பித்தார்.

"பயப்படாதேம்மா. பிராட்டியே இலங்கையில் இருந்தாள். தானாகவா போனாள்? தூக்கிண்டு போனான். அவளுக்கு தோஷம் உண்டோ?"

மாமியார் என் பக்கம் திரும்பி, சொல்லு என்று கண்ணால் காட்டினாள்.

நான் வாயைத் திறந்தேன். 'அவர் அழைச்சார்' என்றுதான் ஆரம்பிக்க இருந்தேன். சத்தியமாக அதுதான் நாக்கு நுனியில் இருந்தது. வந்தது வேறு.

"தோஷம் இல்லேன்னா அவளை ஏன் நெருப்புல இறங்கச் சொன்னா, பெரியப்பா?"

பெரியப்பா கதவைப் பார்த்தார். கதவுக்குக் குரல் வந்ததுபோல் பார்த்தார். ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் மேலும் பேசினேன்.

"என்னை யாரும் தூக்கிண்டு போகலை. நானா பேர் கொடுத்தேன். நானா நடந்து கப்பல் ஏறினேன். அவரைக் கேட்காம அவர் பேரையும் நான்தான் எழுதினேன். தப்புன்னா என் தப்பு. அவர் எதுக்குப் பூணூல் மாத்திக்கணும்?"

"வரதா" என்றார் பெரியப்பா, என் கணவரிடம். "இவள் ஏதோ பதற்றத்தில் பேசறாள். நீ சொல்லு. நீதானே அழைச்சிண்டு போனே?"

என் கணவரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்லை, பெரியப்பா" என்றார். "பட்டியல்லயே எழுதியிருக்கு. அவ பேர் முதல்ல. நான் உடன் வருபவர். அவதான் என்னை அழைச்சிண்டு போனா."

"என்னடா சொல்றே?"

"பெட்டியும் நான்தான் தூக்கினேன்."

மாமியாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் இருமல் என்பாள்.

பெரியப்பா யோசித்தார். அவர் நேர்மையானவர். தான் சொன்ன விதியை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டால், அதை மாற்றிப் பேச மாட்டார்.

"அழைச்சிண்டு போகப்பட்டவனுக்கு தோஷம் இல்லை" என்றார் மெதுவாக. "அப்போ உனக்கு இல்லை. குழந்தைக்கும் இல்லை." மறுபடி நிறுத்தினார். "ஆம்படையானை அழைச்சிண்டு கடல் தாண்டின ஸ்திரீக்கு..." விரலை மடக்கினார், நிமிர்த்தினார். "அப்படி ஒருத்தி போனதா நான் எங்கேயும் பார்த்ததில்லை. என்ன பிராயச்சித்தம்னு கிரந்தத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்."

"எத்தனை நாள் ஆகும்?" என்றாள் மாமியார்.

"பார்த்துச் சொல்றேன்" என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, கதவைப் பார்த்து, "படிப்பை விட்டுடாதே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

அவர் போனபின் மாமியார் தளிகை உள் வாசலிலேயே நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். என் கணவரைச் சபையில் சிறுமைப்படுத்திவிட்டேனோ, மூன்று சொல்லுக்காக ஒரு வீட்டையே கலைத்துவிட்டேனோ என்று அப்போதே ஆரம்பித்துவிட்டது.

"அழுதது போறும்" என்றாள் மாமியார். "அவர் பார்த்துச் சொல்றவரைக்கும் நீ கொல்லை அடுப்புதான். அதிலே மாத்தம் இல்லை. குழந்தைக்கு தோஷம் இல்லேன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். நாளைக்கு அவனை இங்கே விட்டுட்டுப் போ."

பிறகு குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். சம்பத் நடந்து போனான். அவன் அடிகளை அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து, அவன் இதுவரை எங்கேயும் நடக்காதவன்போல.

கேட்டவருக்குப் பதில்

பரீட்சை எழுதினேன். தேறினேன். இப்போது திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறேன். இதை எழுதும்போது சம்பத்தின் தங்கை என் மடியில் பேனாவுக்குக் கை நீட்டுகிறாள். இவளுக்கு நேற்றிலிருந்து மூக்கடைப்பு. அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்திருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

என் கணவருக்குத் தோஷம் இல்லை என்று ஆகிவிட்டதால், உள்ளே வந்து சாப்பிடச் சொல்லி மாமியார் முதல் நாளே இலை போட்டாள். அவர் கொல்லைக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் கழித்து மாமியார் ஒரு கிண்ணத்தை நீட்டி, "குழந்தை உன் சாத்தமுதைத்தான் கேக்கறது" என்றாள். குழந்தைக்கு அப்போது பேச்சு வரவில்லை. அவன் ஒருவன் குடிக்கக்கூடியதைவிடக் கிண்ணம் பெரியதாக இருந்தது. நிரப்பிக் கொடுத்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நான் செய்தது சரிதானா என்று இப்போதும் சில நாள் தோன்றும். மாமியார் வயதான காலத்தில் தனியாகத் தளிகை பண்ணுவதைக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது நிச்சயமாகத் தோன்றும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

கும்பகோணத்து அம்மாளுக்கு: என்ன பிராயச்சித்தம் என்று எனக்கு இன்னும் சொல்லப்படவில்லை. வருஷம் நாலு ஆகிறது. பெரியப்பாவை வீதியில் பார்க்கும்போதெல்லாம் நான் மறக்காமல் கேட்கிறேன்.

"பார்த்தேளா, பெரியப்பா?"

"பார்த்துண்டிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவார்.

நிதானமாகவே பார்க்கட்டும். கொல்லை அடுப்புக்குப் போன மாதம் தகரக் கூரை போட்டுவிட்டோம்.